சாவி வைத்திருந்த கசின்

வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அத்தான் வாசிப்பதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"மறுபடியும் கசின்," என்றார்.

அவள் மடியில் ஒரு கறுப்புக் கோட்டு கிடந்தது. அதன் லைனிங்கைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். "யாரு, சாவிக்காரியா?"

"அவளேதான். களஞ்சியத்தைத் திறக்கறா, அரிசி அளந்து போடறா. பெரிய மருமக வந்து, 'கசின், நீ சாப்பிட்டியா'ன்னு கேக்கறா. இவ பதில் சொல்லல. சாவிக்கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிடறா. அத்தியாயம் அவ்வளவுதான். தீர்ப்பு சொல்லுங்க, நீதிபதி."

"அவசரப்பட்டா தப்பாயிடும்."

"நாலாவது பாகம் வந்தாச்சு, இன்னும் அவசரம்கறே. புஸ்தகம் முடியறதுக்குள்ள அந்தப் பொம்பளைக்கு ஒரு உறவுமுறை சொல்லிடணும். பாவம், அந்தரத்துல நிக்கறா."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"பெரிய மருமகளோட தங்கச்சி."

"தங்கச்சின்னா மொழிபெயர்த்தவன் சிஸ்டர்னே போட்டிருப்பானே. அவனுக்குத் தெரிஞ்சதே நாலு சொல்லு. அதுல ஒண்ணு அது."

அத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே மார்பைத் தடவிக்கொண்டார். "கொஞ்சம் தண்ணி குடு," என்றார்.

அது ஒரு பழைய சீன நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. நான்கு தடித்த பாகங்கள். அத்தான் பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யாரும் வந்து வாங்காத பார்சல்களை ஏலம் விட்டபோது வேறு என்னென்னவோ இருந்த ஒரு பெட்டியோடு அதுவும் வீட்டுக்கு வந்தது. ஆற்றங்கரையில் அரிசி மண்டி நடத்தும் ஒரு குடும்பம். ஒரே மதிலுக்குள் பல முற்றங்கள். அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவிகள், பிள்ளைகள், அண்டி வந்தவர்கள். அவள் தமிழில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பவள். ஆங்கிலத்தில் கடைப் பலகையோடு சரி. அத்தான் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் முனகிவிட்டுத் தமிழில் சொல்வார். தையல் மிஷின் ஓடினால் அவர் குரல் கேட்காது. அதனால் ஹெம்மிங், காஜா, பித்தான் என்று கைவேலை இருக்கும் மதியங்களில் மட்டும் கதை நகரும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மிஷின் ஓயாது. சீனக் குடும்பம் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். "சோத்துல கை வச்சபடி உக்காந்திருக்காங்க அவங்க. சீக்கிரம் முடி," என்பார் அத்தான்.

முதல் பாகத்தின் முன்னுரையில் மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்லியிருந்தார். சீன மொழியில் உறவுச் சொற்கள் ஏராளம். வாசகரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று பெரும்பாலும் கசின், அங்கிள் என்றே எழுதியிருக்கிறோம். அதைப் படித்ததும் அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருக்கு சிரமம்? அவங்ககிட்ட பெரியப்பா பிள்ளைக்கு ஒரு சொல்லு, மாமன் பிள்ளைக்கு ஒரு சொல்லுன்னு தனித்தனியா இருக்கு. நம்மகிட்டயும் இருக்கு. அனுப்பினவன்கிட்ட இருக்கு, வாங்கறவன்கிட்ட இருக்கு. நடுவுல வந்த வண்டிக்காரன்தான் சீட்டைக் கிழிச்சுட்டான்."

சீட்டு கிழிந்த பார்சலை உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் யாருடையது என்று அவர் ஆபீசில் கண்டுபிடிப்பார்கள். அதே வழியை அத்தான் புத்தகத்துக்கும் வைத்தார். கசின் என்று வந்தால் வாசிப்பு நிற்கும். யார் வந்தால் யார் எழுந்து நிற்கிறார்கள், யார் யாரைக் கேலி செய்கிறார்கள், யார் முன்னால் யார் வாயைத் திறப்பதில்லை என்று பார்த்து, மாமன் மகளா, சித்தப்பா மகளா என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் அடுத்த வரி. நீதிபதி என்ற பெயர் அப்படி வந்தது.

ஒரு முறை தீர்ப்பு தவறிப்போனது. மேற்கு முற்றத்துப் பெண்ணுக்கு இரண்டாவது வீட்டுப் பையன் மழையில் குடை பிடித்துக்கொண்டு போகிறான். அவள் அவன் செருப்பை ஒளித்துவைக்கிறாள். "மாமன் மகதான், சந்தேகமே இல்ல," என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒரு முழுப் பாகம் அத்தானும் அவளும் அந்தக் கல்யாணத்துக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாவது பாகத்தில், இறந்த பெரியவர்களின் பெயர்ப்பலகைகளை அடுக்கி வைத்துக் குடும்பமே வணங்கும் இடம் வந்தது. பையனின் அப்பா பெயருக்கு அடுத்தாற்போல் அந்தப் பெண்ணின் அப்பா பெயர். இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள்.

"ஐயோ, அண்ணன் தங்கச்சியா," என்றாள் அவள். காதுவரை சூடாகிவிட்டது.

"தப்பு நீதிபதி மேல இல்ல. குடை பிடிச்சான் பாரு, அவன் மேல."

முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. ஆனால் குடை இப்போது வேறு குடையாக இருந்தது. அதன் பிறகு அவள் நிச்சயமாகத் தெரியாமல் யாருக்கும் எந்த முறையும் சொல்வதில்லை.

அத்தானைக் கட்டியிருந்த அவள் அக்கா இறந்தபோது பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் நடக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவள் அவள். அவள் அப்பா ஒரு நாள் வந்து இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்து, கட்டிவைத்துவிடலாமா என்று கேட்டார். "அவ இஷ்டம்," என்றார் அத்தான். "அத்தான் இஷ்டம்," என்றாள் அவள். அப்பா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. பையன் வளர்ந்து வேறு நகரத்தில் வேலைக்குப் போனான். அவள் அறை அவளுக்கு, அத்தான் அறை அத்தானுக்கு, நடுவில் மிஷினும் இரண்டு நாற்காலியும் இருந்த கூடம்.

தெரியாதவர்கள் யாராவது "உங்க சம்சாரமா?" என்று கேட்டால் அத்தான் நின்ற இடத்திலேயே திருத்துவார். "கொழுந்தியா. என் சம்சாரத்தோட தங்கச்சி." மருந்துக் கடையில், பாங்கில், ஒரு தடவை பக்கத்து வீட்டுத் திருட்டைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம்கூட. போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டு போனார். அவளும் அப்படித்தான். துணி கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்காரர் என்றால், "அத்தான்," என்பாள். அத்தோடு விட்டுவிட்டு அளவு எடுப்பாள்.

தண்ணீர் கொண்டுவந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. யாரோ மேல உக்காந்திருக்காப்ல இருக்கு."

மேல்மாடியில் குடியிருந்தவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். நடந்து படியிறங்க அத்தானால் முடியவில்லை, நாற்காலியோடுதான் தூக்கினார்கள். வண்டிக்குள் அவள் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்தாள். மூக்கில் குழாயை வைத்திருந்தார்கள். அதை விலக்கிவிட்டு, "ஊசியைக் கோட்டுலயே விட்டுட்டியா, எடுத்து வச்சியா?" என்று கேட்டார்.

"கோட்டுலதான் இருக்கு."

"நாற்காலி மேல போட்டிருக்கே. யாராவது உக்காருவாங்க."

"வீட்ல யாரு இருக்கா உக்கார," என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் தள்ளுபடுக்கை வேகமாகப் போனது. அவள் கூடவே ஓட வேண்டியிருந்தது. இரட்டைக் கதவுக்குள் அது நுழைந்ததும், கதவருகே மேசை போட்டிருந்த நர்ஸ் கையை நீட்டி அவளை நிறுத்தினாள். கடுமையான ஆள் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரை இப்படி நிறுத்துகிறாளோ, கை மட்டும் தானாக நீண்டது.

"ஒருத்தர் மட்டும்தான் கூட இருக்கலாம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கொழுந்தியா," என்றாள்.

"என்னது?"

"அவர் சம்சாரத்தோட தங்கச்சி."

"சம்சாரம் எங்க?"

"இல்ல. போய் ரொம்ப காலமாச்சு."

"பிள்ளைங்க?"

"ஒரு பையன். வெளியூர். சொல்லியாச்சு, கிளம்பிட்டான்."

"அப்ப அவர் வந்ததும் உள்ள அனுப்பறேன். மனைவி, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, அப்படித்தான் இங்க. நீங்க அங்க உக்காருங்கம்மா."

சுவரோரம் ஒரு நீண்ட பெஞ்சு இருந்தது. அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் பழுப்புச் சட்டை போட்ட ஒரு பெரியவர், மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி இருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அவள் பக்கம் சாய்ந்தார்.

"சம்சாரம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பா."

அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நான் மச்சானைப் பாக்க வந்திருக்கேன். கூடப்பிறந்த அண்ணன்னு சொன்னேன். காலையிலேர்ந்து ரெண்டு தடவை உள்ள போயிட்டு வந்துட்டேன். அவ என்ன ஜாடையா பாக்கப்போறா? அவன் செவப்பு, நான் கரிக்கட்டை."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன, தூக்குலயா போடுவாங்க? போங்க, போய், பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

அவள் மேசையைப் பார்த்தாள். எழுந்துகூட நின்றாள். நர்ஸ் வேறு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை. வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, அத்தானும் அங்கே இருந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, உங்க மனசு," என்றார் பெரியவர். பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி அவளிடம் நீட்டினார். "சூடா இருக்கு. இதுக்கு முறையெல்லாம் கேக்கமாட்டாங்க."

டீயைக் குடித்தாள். கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பச்சைத் திரையின் ஓரம் தெரிந்தது. யாராவது கடந்தால் அது அசைந்து மறுபடி அடங்கும். அது அடங்கி வெகுநேரம் அசையாமல் இருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு டாக்டர் வெளியே வந்து நர்ஸிடம் குனிந்து ஏதோ சொன்னார். நர்ஸ் பெஞ்சைக் கைகாட்டினாள். டாக்டர் அவளை நோக்கி நடந்து வந்தார். பழுப்புச் சட்டைப் பெரியவர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இப்போது அவளை உள்ளே விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அத்தானின் வாய் சற்றுத் திறந்திருந்தது. நெற்றியில் முடி கலைந்து கிடந்தது. அவள் அதை ஒதுக்கிவிடக் கையைக் கொண்டுபோனாள். இத்தனை காலத்தில் அவர் நெற்றியைத் தொட்டதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. காய்ச்சல் என்றால் வெப்பமானியை நீட்டுவாள், அவரே வைத்துக்கொள்வார். முடியை ஒதுக்கினாள். அது மறுபடி அங்கேயே வந்து விழுந்தது.

உள்ளே இருந்த நர்ஸ் வேறு ஒருத்தி. சின்னப் பெண். கண்ணாடி, கைக்கடிகாரம், சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"உங்களைக் கூட்டிட்டு வரலாம்னுதான் இருந்தேன்மா," என்றாள். "அவர்கிட்டயும் சொன்னேன். உங்க வீட்டம்மா வெளியதான் இருக்காங்க, டாக்டர் பாத்துட்டுப் போகட்டும், கூட்டிட்டு வரேன்னு."

அவள் பையை வாங்காமல் நின்றாள். "அவர் என்ன சொன்னார்?"

"சரின்னார்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. சரின்னு தலையை ஆட்டினார்."

"நெனவு இருந்துதா அப்ப?"

"நல்லா இருந்துது. கண்ணாடியை அவரே கழட்டி, மடக்கி என் கையில குடுத்தார். கை ஊசி வலிக்குது, கொஞ்சம் தளர்த்தி ஒட்டுன்னார். அதைப் பாத்துட்டிருக்கும்போதுதான்..."

"நீ வீட்டம்மான்னுதான் சொன்னியா?"

அந்தப் பெண் குழப்பத்தோடு அவளைப் பார்த்தாள். "ஆமாம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டாள்.

பையன் வந்து சேர்ந்தபோது அவள் பெஞ்சிலேயே இருந்தாள். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற முகம்; நரைத்த தாடியோடு அழுதபோது யாரோ போல இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசியா அப்பா என்ன சொன்னார், சித்தி?"

"நான் கூட இல்லப்பா. உள்ள விடல."

"ஏன் விடல? நீங்கதானே எல்லாம். சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு?"

அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். பிறகு எழுந்து, மேசையில் இருந்த தாள்களில் கையெழுத்துப் போடப் போனான்.

தகனக்கூடத்தில் பார்சல் ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பொறுப்பாளர், "மகன் முன்னால வாங்க. மனைவி?" என்றார். "அம்மா இல்ல," என்றான் பையன். அவள் இரண்டாவது வரிசையில், மூட்டை என்று அத்தான் பெயர் வைத்திருந்த பருமனான நண்பருக்குப் பக்கத்தில் நின்றாள். மூட்டை கைக்குட்டையால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டார்.

"உன்னைப் பத்தி நெறைய சொல்வான்மா," என்றார் மெல்ல.

"என்ன சொல்வார்?"

"என்னமோ சீனாக்காரங்க கேசு. வீட்ல ஒரு ஜட்ஜு இருக்கா, அவகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்பான். எங்களுக்கு ஒண்ணும் புரியாது. தலையாட்டிட்டு டீ குடிப்போம்."

முன்னால் இருந்த உலைக் கதவு சத்தமில்லாமல் மேலே போய், சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

பையன் ஒரு வாரம் லீவு போட்டிருந்தான். அலமாரியை ஒழித்தான், பாங்குக்குப் போனான், தண்ணீர்க் குழாயின் கசிவைச் சரிசெய்தான். போவதற்கு முந்தின மதியம் கூடத்துக்கு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாததுபோல் நின்றுவிட்டு, அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எங்ககூட வந்துடுங்க சித்தி. தனி ரூம் இருக்கு. மிஷினையும் கொண்டாந்துடலாம்."

"வாங்கி வச்ச துணியெல்லாம் கிடக்கு. முடிச்சுக் குடுக்கணும்."

"முடிச்சுட்டு வாங்க."

"பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். அவளிடம் வளர்ந்தவன். மேலே வற்புறுத்தாமல், கைக்கு எட்டிய நாலாவது பாகத்தை எடுத்துப் புரட்டினான். "இதான் அப்பா உங்களுக்கு படிச்சுச் சொல்வாரா? போன்ல எப்பப் பேசினாலும் இதேதான். நான் கொஞ்சம் படிக்கட்டுமா?"

அவள் அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஊசி விட்ட இடத்திலேயே இருந்தது.

நன்றாகத்தான் படித்தான். அப்பாவைப்போல முனகாமல், வரியைக் கண்ணால் ஓட்டிவிட்டுச் சரளமாகச் சொன்னான். பஞ்சம் வருகிறது. மண்டிக்கு வெளியே ஜனங்கள் கூடுகிறார்கள். உள்ளே யார் யாரோ ஓடுகிறார்கள். "அப்ப அந்த கசின் சாவியைக் குடுக்கமாட்டேங்கறா. இன்னொரு கசின், ரெண்டாவது அங்கிளோட ஆளு, அவகிட்ட சண்டைக்கு வர்றான். பெரியவர் எழுந்து..."

அவள் கை நின்றது. அவன் நிறுத்தவில்லை. பெரியவர் எழுந்து, பேசி, உட்கார்ந்து, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

"புரியுதா சித்தி? நான் சொல்றது வேகமா இருக்கா?"

"புரியுதுப்பா. நல்லா சொல்றே," என்றாள். சற்றுப் பொறுத்து, "போதும். நாளைக்கு விடிகாலை கிளம்பணும், போய்ப் படு," என்றாள்.

அவன் போன பிறகு மிஷின் வேலையாகப் பார்த்து எடுத்துச் செய்தாள். தலையணை உறை, திரைச்சீலை, நேர்த்தையலாக ஓடுகிற எதுவும். கைவேலை உள்ளவை ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டே வந்தன.

பஸ்ஸில் கண்டக்டராக வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, புதுச் சீருடைத் துணியைத் தைக்கக் கொடுத்திருந்தாள். போட்டுப் பார்க்க ஒரு மதியம் வந்தாள். பேண்டைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கால் நீளத்தை மடித்துக் குறிப்பதற்காக அவள் தரையில் மண்டியிட்டு, ஒரு கொத்துக் குண்டூசியை உதட்டுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் நான் வந்தப்பகூட இங்கதான் உக்காந்து படிச்சிட்டிருந்தார்," என்றாள் கண்டக்டர். "சில்லறைக்கும் எனக்கும் என்ன பகைன்னு கேட்டு ஒரே கிண்டல். உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்னு டிப்போவுல சொன்னாங்க. டூட்டி, வரமுடியல. மனசுல வச்சுக்காதீங்க."

வாயில் ஊசியோடு திருத்த முடியாது; அவள் தலையை மட்டும் அசைத்தாள். இடது கால் மடிப்பில் ஒவ்வொன்றாக ஊசியைக் குத்திக்கொண்டு வந்தாள். முன்பக்கம், ஓரத் தையல், பின்பக்கம். "திரும்புங்க" என்பதற்குக் கணுக்காலில் தட்டினாள். வலது கால். கண்டக்டர் பெருமூச்சு விட்டு, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி ஊசியும் உதட்டிலிருந்து துணிக்குள் போனது.

அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"ஷூ போட்டா இந்த நீளம் சரியா இருக்கும்," என்றாள்.

பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து, இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டாள். போன வருஷம் எடுத்த அளவேதான்.